விதையும் வறட்சியும்

மழை பொய்த்தால் மக்களின் உணவைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுகிறது. வாயற்ற கால்நடைகளின் உணவைப் பற்றிய பேச்சு அத்துணை விரைவில் எழுவதில்லை. 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவை என அரசு அறிவித்தது. வைக்கோலும் புல்லும் அருகியதால், பிள்ளைபோல் வளர்த்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றவர் பலர். தீவனப் பயிர் விளைவதும் விளையாமற் போவதும் விதை முளைக்கும் சில நாட்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆதலின் அந்தச் சில நாட்களில் மண்ணுக்குள் நிகழ்வது யாது என்பதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் அமைந்தது எங்கள் ஒத்தக்கடை. 1965இல் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரி இங்கேதான் உள்ளது. பெரியாற்றுப் பாசனம் பெறும் வயல்கள் ஒருபுறம். வானம் பார்த்த மேட்டு நிலங்கள் மறுபுறம். நெல் வயலுக்கு மடை உண்டு. தீவனச் சோளத்திற்கோ பெரும்பாலும் மேட்டு நிலமே வாய்க்கிறது. அங்கே ஒரு மழை பெய்து, அடுத்த மழை பத்து நாள் தாமதித்தால், விதைத்தவன் நெஞ்சம் படும் பாடு சொல்லுந்தரமன்று.

விதை நீர் அருந்துவதில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் உலர்ந்த விதை, காய்ந்த பஞ்சு நீரை ஈர்ப்பதுபோல் ஈர்த்துப் பருக்கிறது. உயிரற்ற விதைகூட இதைச் செய்யும். இரண்டாம் நிலையில் நீர் புகுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே அமைதி, உள்ளேயோ நொதிகள் விழித்து, சேமித்த மாவுப்பொருளைக் கரைத்து, கருவுக்கு உணவு ஆக்கத் தொடங்குகின்றன. மூன்றாம் நிலையில் முளைவேர் நீண்டு உறையைக் கிழித்து வெளிவரும். மக்காச்சோள விதை முளைக்கத் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடும், சோயா விதை ஏறத்தாழ 50 விழுக்காடும் நீரைக் கொள்ள வேண்டும்.

இனி வறட்சி செய்வது யாது? நனைந்த துணியைப் பிழிந்து பாருங்கள். முதற்பிழிவில் நீர் எளிதாக வடியும். பிழியப் பிழிய எஞ்சிய ஈரம் துணியை விடாது பற்றிக்கொள்ளும். உலரும் மண்ணும் அத்தகையதே. ஈரம் இருப்பதுபோல் தோன்றினும், விதையால் அதை எளிதில் பறிக்க இயலாது. ஆய்வுக்கூடங்களில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளை நீரில் கரைத்து, இந்த இறுக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கி விதைகளைச் சோதிக்கின்றனர். இறுக்கம் மிக மிக முளைப்பு தாமதமாகிறது. பின்னர் முளைப்போரின் எண்ணிக்கை குறைகிறது. முளைத்தவையும் குட்டையான வேரும் குருத்தும் உடையனவாகின்றன.

இங்கே கருத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. முளைவேர் வெளிவருமுன் ஈரம் வற்றினால், விதை பெரும்பாலும் மீண்டும் உறங்கிப் பிழைத்துக்கொள்ளும். வேர் வெளிவந்தபின் வற்றினாலோ, அது மடிவதே பெரும்பான்மை. ஆகவே மழையே இல்லாமையினும், அரைகுறையாகப் பெய்து ஏமாற்றும் மழையே விதைக்குப் பெருங்கேடு.

எல்லா விதையும் ஒரு தன்மையன அல்ல. தீவனச் சோளம் ஈரம் பட்டதும் எழுந்துவிடும். வேலிமசால் விதையின் தோலோ நீரை உள்ளே விடாத கெட்டித் தோல். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் சில நிமிடம் இட்டு எடுத்தால்தான் சீராக முளைக்கும். கொங்கு நாட்டுக் காங்கேயம் கொறங்காடுகளில் காளைகள் மேயும் கொழுக்கட்டைப் புல்லின் விதை, அறுத்த பின்னும் சில திங்கள் உறங்குவது. அதன் மயிர்போன்ற தூவிகளால் கையில் ஒட்டி, காற்றில் பறந்து, விதைப்பவனைத் திண்டாட வைப்பது.

இத்தகைய இடர்களுக்குக் கண்ட வழிகளுள் ஒன்றே விதைக்கு முலாம் பூசுதல். மைதாக் கஞ்சி போன்ற பசையால் விதையை நனைத்து, அரப்பு இலைத்தூள், நுண்ணூட்டங்கள் முதலியவற்றைப் போர்வையாகப் பூசி நிழலில் உலர்த்துவர். மசால் வகைகளுக்கு வேர்முடிச்சு நுண்ணுயிரை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து சேர்ப்பதும் உண்டு. சிறிய விதை பருமனாகிறது. பறக்கும் விதை கனம் பெற்று விழுந்த இடத்தில் தங்குகிறது. இளங்கன்றுக்கு வேண்டும் ஊட்டம் அருகிலேயே கிடைக்கிறது.

ஆயினும் முலாம் மழையைக் கொணராது. வரும் முதல் ஈரத்தை முலாமே குடித்துவிடலாம். போர்வை தடித்தால் காற்றும் உட்புகாது முளைப்பு பிந்தலாம். ஆகவே வறண்ட மண்ணில் பூசிய விதை, பூசாத விதையினும் பின்தங்குவதும் உண்டு. மெல்லிய பூச்சும் போதிய ஈரமும் சேரும்போதே அதன் நன்மை விளங்கும்.

வறட்சிக்கென்றே உரிய மற்றொரு முறை விதையைக் கடினப்படுத்துதல். சோள விதையை 2 விழுக்காடு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்துக. மேலே கூறிய இரண்டாம் நிலையில் விதை பாதி ஆயத்தமாகி, வேர் வெளிவருமுன் நிறுத்தப்படுகிறது. பின்னர் மண்ணில் ஈரம் கண்டதும் விரைந்து எழுந்து, ஈரம் வற்றுமுன் வேரை ஆழத்திற் செலுத்துகிறது.

வகுப்பறையில் நான் பல்லாண்டு செய்துகாட்டிய சோதனையை ஒவ்வோர் உழவரும் செய்யலாம். பூசியதில் 50, பூசாததில் 50 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் தனித்தனியே சுருட்டி வைத்து, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணுக. மற்றொரு சுருளை அரை ஈரத்தில் வைத்து ஒப்பிடுக. செலவு ஏதுமில்லை; கடைக்காரர் சொல்லை மட்டுமே நம்பி நிற்கும் நிலையும் இல்லை. இவ்வாறு அறிந்த பின்னும், கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே மழையை நம்பி நிலத்தில் இட்டுவிடாதீர்கள். ஒரு பங்கை அடுத்த மழைக்கென நிறுத்திவைத்த வீட்டில், கோடையிலும் தொழுவம் வெறுமையாகாது.