காசில் இரட்டை உருவம்

1795இல் ஆங்கிலேயர் திருக்கோணமலைக் கோட்டையைக் கைப்பற்றுமுன், ஒல்லாந்தர் வழங்கிய தடித்த செப்புக்காசுகளுள் சிலவற்றில், கும்பனி முத்திரையின்மேல் இவ்வூரைக் குறிக்கும் ‘ரீ’ என்னும் உரோம எழுத்தைக் காணலாம். அத்தகைய காசொன்றில் எழுத்து இரட்டித்துத் தோன்றின், அதனை அரிய அச்சுப்பிழையென நம்பி மிகுவிலை கொடுத்தல் தகுமோ? பிழை எங்கே பிறந்தது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஒன்று, அச்சிற் பிறப்பது. இயந்திர முறையில், தாய் அச்சைக் காசடிக்கும் அச்சின்மீது பலமுறை அழுத்தி உருவம் பதிப்பர். ஓரழுத்தம் பிறழின் அவ்வச்சே இரட்டை உருவம் பெறும். அதனால் அடித்த காசு யாவும் ஒரேவகையாய் இரட்டிக்கும். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒருசதக் காசு இதற்குப் பேர்பெற்ற சான்று. இரு உருவங்களும் திரண்டு நிற்கும். எழுத்து முனைகளிற் பிளவு தெரியும்.

இரண்டு, அடியிற் பிறப்பது. அடிக்குங்கால் அச்சு அசையின், எழுத்தோரம் நசுங்கித் தட்டையான படிபோலாகும். காசே இருமுறை அடிபட்டால், முதலுருவம் இரண்டாம் அடியில் நசுங்கிக் கிடக்கும்.

மூன்று, தேய்ந்த அச்சால் வருவது. எழுத்தின் எல்லை மங்கி நிழல்போற் பரவும்.

ஒல்லாந்தரின் இச்செப்புக்காசோ சம்மட்டியால் அடிக்கப்பட்டது. தாய் அச்சு முறை அதற்கில்லை. ஆதலின் அதன் இரட்டிப்பு பெரும்பாலும் அடியின் விளைவே. அதற்கென மிகுவிலை வேண்டா.

மாணவ அன்பர்களே, விலை பேசுமுன் பூதக்கண்ணாடியால் நோக்குங்கள். பழங்காசைப் புளியிட்டு விளக்காதீர்கள். ஓரங்கள் தேயின் சான்றும் அழிந்துவிடும்.