ஆயினும், ஆகையால்

சித்தூரையடுத்துப் பாகுதா நதிக்கரையில் விளங்கும் காணிப்பாக்கம் விநாயகர் ஸ்தலத்தின் கதையைப் பெரியோர் வாயாற் கேட்டவர்களுக்கு, வாக்கியத்தோடு வாக்கியம் இசைந்து செல்லும் நயத்தை இலக்கணங்கொண்டு விளக்க வேண்டுவதில்லை. கண்ணில்லாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர் எனச் சகோதரர் மூவர் இருந்தனர். ஆயினும் தம் காணி நிலத்தைத் தாமே பயிரிட்டு வந்தனர். ஒரு சமயம் கிணறு வற்றிற்று. ஆகையால் உள்ளே இறங்கித் தோண்டினர். கருவி ஒரு கல்லிற் படவே இரத்தம் பெருகிற்று. அது பட்ட மாத்திரத்தில் மூவர் குறையும் நீங்கின.

இதில் முதலில் வரும் ‘ஆயினும்’ என்பதை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ‘ஆகையால்’ என்று வைத்துப் பாருங்கள். குறையை வென்று உழைத்தவர்கள், குறையின் காரணமாகவே உழைக்க நேர்ந்தவர்களாகிவிடுவார்கள். செய்தி ஒன்றும் மாறவில்லை, மனிதர்களே மாறிவிட்டார்கள்! இரண்டையுமே நீக்கினாலோ, சம்பந்தத்தை ஊகிக்கும் பாரம் வாசகர் தலையில் விழும்.

தனித்து நின்று பொருள் தராத இத்தகைய சிறு சொற்களுக்காகத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இடையியல் என்றே ஓர் இயல் வகுத்தார். ‘படவே’ என்னும் எச்சமும் ‘நீக்கினாலோ’ என்பதன் ஓகாரமும் தமிழில் இணைப்பு வேலையைச் சத்தமின்றிச் செய்துவிடுகின்றன. அவ்வாறிருக்க, பத்திதோறும் ‘மேலும்’ என்று தொடங்கும் இக்கால வழக்கம் எனக்கு வருத்தமளிக்கிறது. இன்னும் செய்தி வருகிறது என்பதன்றி, அது ஏன் வருகிறது என்பதை அச்சொல் தெரிவிப்பதே இல்லை.

பத்தி மாறும் இடத்தில் ஜாக்கிரதை இன்னும் அதிகம் வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழன் இவ்வாலயத்தை எழுப்பினான் என்றும், 1336-இல் விஜயநகர அரசர்கள் அதை விரிவாக்கினர் என்றும் கூறுவர். கிணற்றுக் கதையிலிருந்து இச்செய்திக்கு வரும்போது, ‘ஐதிகம் இவ்வாறிருக்க’ என்று தொடங்கினால் நம்பிக்கைக்கும் சரித்திரத்துக்கும் உரிய இடம் தனித்தனியே கிடைக்கும். ‘எனவே’ என்று தொடங்கினாலோ, அரசன் மனத்தில் இருந்த காரணத்தை நாமே கற்பித்தவர்களாவோம். சத்தியப் பிரமாணத்துக்குப் பேர்போன சந்நிதியைப் பற்றி எழுதுகையில் அது தகாது.

நதியின் கதையிலோ காரணச் சொல்லுக்குத் தடையில்லை: தமையன் சங்கரின் அனுமதியின்றி மாங்கனி உண்ட லிகிதரின் கரங்களை மன்னன் துண்டிக்கச் செய்தான், அவர் இந்நீரில் மூழ்கவே அவை மீண்டும் முளைத்தன, அதனாலேயே, கரம் அளித்தது என்னும் பொருளில், நதி பாகுதா ஆயிற்று.