கொல்லைக் கிணறு குப்பைத்தொட்டி ஆகிவிட்டதா? குறைந்த செலவில் மீட்கலாம்!

வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் இருப்பதெல்லாம் சினிமா பங்களாவில்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் என்றால் அது கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டிக்கொண்டு குதித்தால், கோடை விடுமுறை முடிவதற்குள் நீச்சல் வந்துவிடும். போர்வெல்லும் குழாய்த் தண்ணீரும் வந்தபிறகு கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்க்க ஆளில்லை. பூஜைப் பூ, உடைந்த பொம்மை, பாலித்தீன் பை என்று எல்லாம் அதற்குள்தான் போகிறது. மிச்சமிருக்கும் தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது.

மூடிவிடலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மீட்பதற்கு நீங்கள் பயப்படும் அளவுக்குச் செலவாகாது.

சித்திரை, வைகாசியில் தூர் வாருவதுதான் சிக்கனம். அப்போது தண்ணீர் அடியில் கிடக்கும். மோட்டார் வாடகை குறையும். மிதக்கும் குப்பையை, கயிற்றில் கட்டிய வலைக்கூடையால் மேலே நின்றே அள்ளலாம். மூழ்கிய வாளி, குடத்துக்குப் பாட்டி காலத்துப் பாதாளக்கரண்டி இருக்கவே இருக்கிறது. பரணில் தேடுங்கள்! சுவர் இடுக்கில் முளைத்த அரசு, ஆலங்கன்றுகளை மேலாக வெட்டினால் போதாது, மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுத்து இடுக்கைப் பூச வேண்டும். பழைய செங்கல் கிணறு என்றால் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கினால் சுவர் சரியலாம்.

சேறு அள்ள ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அங்கே மட்டும் காசு பார்க்காதீர்கள். குப்பை அழுகிய கிணற்றில் ஆக்சிஜன் குறைந்து, கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு தேங்கியிருக்கும். 2025 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் காண்டுவா மாவட்டத்தில், கங்கௌர் விழாவில் சிலை கரைப்பதற்காகப் பழைய கிணறு ஒன்றைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள். மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக இறங்கியதில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்கள் வழக்கம். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும். ஆனால், எரிந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவே ஆளைச் சாய்த்துவிடும், விளக்கு அதைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பற்றவும் கூடும். வாயு அளக்கும் கருவி, காற்று செலுத்தும் புளோயர், இடுப்பில் கயிறு, அந்தக் கயிற்றை மேலே பிடிக்க ஆட்கள் என எல்லாம் உள்ள குழுவையே இறக்குங்கள். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் வைக்கவே கூடாது. உள்ளே யாராவது மயங்கினால் பின்னால் குதிக்காமல் 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள்.

புதுத் தண்ணீர் ஊறியதும் பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும், பிறகு 22-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 6 அடி விட்டமும் 10 அடி தண்ணீரும் என்றால் சுமார் 8,000 லிட்டர். பவுடர் 20 கிராம். அவ்வளவேதான்! பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்குங்கள், அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ராத்திரி போட்டால் காலையில் புழங்கலாம். கலங்கல் தண்ணீருக்கு இந்த அளவு போதாது. சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு அளவைக் கூட்டுங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள்.

குடிக்கலாமா? கருணாபுரம் மாதிரி வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். கழிவறைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் தோட்டத்துக்கும் தரை கழுவவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி இருந்தாலும், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகே சமையலுக்கு எடுங்கள்.

கடைசியாக, கிணற்றின் வாயை இரும்புக் கம்பிச் சட்டத்தால் மூடி, அதன்மேல் கொசுவலை கட்டுங்கள். குழந்தைகளுக்கும் பாதுகாப்பு, பூஜைப் பூவும் உள்ளே போகாது. குடிக்காத கிணறு என்றால் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடலாம். உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஆனால், பிளீச்சிங் போட்ட கையோடு மீனை விட்டுவிடாதீர்கள், பாவம், செத்துப்போகும்.