கோவளத்திலிருந்து ஐரோப்பாவுக்கு... வீட்டோடு கிளம்பலாமா?

குளிர்காலத்தில் ஈசிஆரில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் அந்த வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். ஜெர்மனி, பிரான்ஸ் என்று ஏதோ ஒரு நாட்டின் நம்பர் பிளேட். கூரையில் சோலார் தகடு, முதுகில் இரண்டு சைக்கிள், ஜன்னலோரம் காயும் துண்டு. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. சொந்த ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு, இன்னொரு வீட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் இங்கே வர முடிகிறது என்றால், நாம் அங்கே போக முடியாதா? இந்தக் கேள்வி தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை பலருக்கும் இப்போது எழுகிறது. ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கிறார்கள், முட்டியும் இடுப்பும் இன்னும் ஒத்துழைக்கின்றன. விமானத்தில் போய் பிள்ளை வீட்டு சோபாவில் மூன்று மாதம் உட்கார்ந்திருப்பதைவிட, நம் வண்டியில் நாமே ஊர் சுற்றினால் என்ன?

முடியும். ஆனால், பெரும்பாலோர் தொடங்கும் இடம் தவறு. முதலில் வண்டியை வாங்கி, கட்டில் அடித்து, திரைச்சீலை தைத்து, அதன் பிறகு வழியைத் தேடுகிறார்கள். வழியும் காகிதமும் முதலில்; வண்டி கடைசியில். ஏன் என்று பார்ப்போம்.

அடைபட்ட தரைவழி

ஒரு காலத்தில் பஸ் ஏறியே லண்டனிலிருந்து இந்தியா வரலாம். 1957 ஏப்ரல் 15 அன்று லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து 20 பயணிகளுடன் கிளம்பிய ‘இந்தியாமேன்’ என்ற பஸ், ஜூன் 5 அன்று கல்கத்தா வந்து சேர்ந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுன். பிறகு ஹிப்பிகளும் அதே வழியில் வேன் வேனாக வந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி. அதே ஆண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அந்தச் சாலையின் கதை அத்தோடு முடிந்தது.

கிழக்கு வழி கொஞ்ச காலம் நம்பிக்கை தந்தது. மணிப்பூரின் மோரே எல்லையைத் தாண்டி மியான்மருக்குள் நுழைந்து, தாய்லாந்து, லாவோஸ், சீனா, மத்திய ஆசியா, ரஷ்யா என்று சுற்றி ஐரோப்பாவைத் தொடும் வழி அது. 2017-இல் கோவையிலிருந்து ஒரு பெண்கள் குழு, 24 நாடுகள், 70 நாள் என்று திட்டமிட்டு லண்டன் வரை காரிலேயே போனது. மோரேயையும் தாய்லாந்தின் மே சோட்டையும் இணைக்கும் முத்தரப்பு நெடுஞ்சாலை முடிந்துவிட்டால் இந்தப் பயணம் சுலபம் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உள்நாட்டுப் போரின் நடுவே அந்த வழியாகக் குடும்பத்தோடு போகச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

மேற்கே, 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து பாகிஸ்தான் எல்லையிலுள்ள அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது. வடக்கே நேபாளம் திறந்திருக்கிறது. அங்கிருந்து திபெத் வழியாகச் சீனாவுக்குள் போகலாம் என்றாலும் செலவு கடுமை. நம் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சீனா ஏற்பதில்லை. தற்காலிக உரிமம், தற்காலிக நம்பர் பிளேட் வாங்க வேண்டும். வழி நெடுக உடன் வரும் வழிகாட்டியின் சம்பளமும் சாப்பாடும் நம் கணக்கில்தான்.

ஆகவே, இன்றைய நிலையில் கோவளத்திலிருந்து கிளம்பும் வீட்டு வண்டி முதலில் போக வேண்டிய இடம் எல்லைச் சாவடி அல்ல, துறைமுகம்.

வண்டிக்கும் ஒரு பாஸ்போர்ட்

நமக்குப் பாஸ்போர்ட் போல வண்டிக்கு ‘கார்னெட்’. 1954-இல் நியூயார்க்கில் கையெழுத்தான சுங்க உடன்படிக்கையின் அடிப்படையில் இயங்கும் ஆவணம் இது. ‘இந்த வண்டியை இங்கே விற்க மாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன், தவறினால் சுங்க வரியைக் கட்ட ஒரு சங்கம் பொறுப்பு’ என்பதுதான் அதன் சாரம். இந்தியாவில் மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதை வழங்குகிறது.

செக் புத்தகம் மாதிரி, ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. ஒரு நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார். வெளியேறும்போது இன்னொன்று போகும். மூன்றாவது, இரண்டு முத்திரையோடு நம்மிடமே தங்கும். ஓராண்டுதான் செல்லுபடி. வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டாலும், வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாகக் கணக்கு. எல்லையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், அதிகாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் நகரக் கூடாது.

இதற்காகச் சங்கத்திடம் வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கொடுக்க வேண்டும். தொகை, வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்தது. பயணம் முடிந்து எல்லா முத்திரையும் சரியாக இருந்தால் திரும்பக் கிடைக்கும். ஆனால், அதுவரை ஒரு பெரிய பணம் முடங்கிக் கிடக்கும் என்பதைத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 50 லட்சம் ரூபாய் வண்டியையும் 15 லட்சம் ரூபாய் வண்டியையும் பிரிப்பது சொகுசு மட்டுமல்ல, இந்த உத்தரவாதமும்தான்.

ஈரான், இலங்கை, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குக் கார்னெட் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது இல்லாமலேயே, வெளிநாட்டில் வசிப்பவரின் வண்டி ஆறு மாதம் வரியின்றி ஓடலாம். பிரிட்டனும் ஆறு மாதம் தருகிறது. ஆனாலும் கையில் இருப்பது நல்லது. நம் வண்டி சென்னைக்குத் திரும்பி வரும்போது, அது இங்கிருந்து போனதுதான் என்று இந்தியச் சுங்கத்துக்கு நிரூபிக்க உதவும்.

ஓட்டுநருக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐடிபி. உரிமம் வைத்திருப்பவர், தம் பகுதி ஆர்டிஓ அலுவலகத்தில் பாஸ்போர்ட்டோடு விண்ணப்பிக்கலாம். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படும் இது ஓராண்டு செல்லும். வண்டியின் பின்புறம் ‘இந்தியா’வைக் குறிக்கும் மூன்றெழுத்து நீள்வட்ட ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். நம் ஊர் காப்பீட்டைக் கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்கு நீட்டிக்கலாம். அதற்கு அப்பால் அது செல்லாது. ஐரோப்பாவுக்கு அங்கே செல்லுபடியாகும் காப்பீட்டைத் தனியாக எடுத்தாக வேண்டும்.

உயரம்தான் விலையைத் தீர்மானிக்கும்

இப்போது வண்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர் ஓய்வெடுக்கும் ராட்சத பஸ் நினைவுக்கு வரும். அதை மறந்துவிடுங்கள். கப்பல் பயணத்துக்குச் சின்னதே சிறப்பு.

வண்டியைக் கப்பலில் அனுப்ப மூன்று வழிகள். ஒன்று, ரோ-ரோ கப்பல். காரை ஓட்டியே உள்ளே ஏற்றி, ஓட்டியே இறக்குவது. சென்னை, எண்ணூர் காமராஜர் துறைமுகங்களிலிருந்து புதுக் கார்கள் இப்படித்தான் ஏற்றுமதியாகின்றன. உயரம் பெரிய தடையில்லை. ஆனால், சாவியைக் கொடுத்துவிட வேண்டும்; வழியில் உள்ளிருக்கும் பொருள்கள் காணாமல் போகும் அபாயம் உண்டு. இரண்டு, கன்டெய்னர். பூட்டி முத்திரையிட்டு அனுப்பலாம், பாதுகாப்பு அதிகம். ஆனால், ‘ஹை கியூப்’ எனப்படும் உயரமான கன்டெய்னரிலேயே வாசல் உயரம் 2.58 மீட்டர் அளவில்தான் இருக்கும். கூரையில் ஏசி, சோலார் தகடு என்று ஏற்றிக்கொண்ட வண்டி அங்கேயே தட்டும். மூன்று, பக்கச் சுவர் இல்லாத ‘ஃபிளாட் ராக்’. எதையும் ஏற்றலாம், செலவு எகிறும்.

ஆகவே, கட்டும்போதே டேப்பை எடுத்து அளந்து, கன்டெய்னர் வாசலுக்குள் நுழையும் உயரத்தில் நிறுத்திக்கொள்கிறவர் கெட்டிக்காரர்.

இன்னொரு எச்சரிக்கை. சரக்கு வேனையோ டிராவலரையோ வாங்கி, பட்டறையில் கொடுத்துத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவது சட்டப்படி சிக்கல். தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரநிலை உண்டு. அதன்படி அங்கீகாரம் பெற்று, ஆர்சி புத்தகத்திலும் ‘மோட்டார் கேரவன்’ என்றே பதிவாகியிருக்க வேண்டும். புத்தகத்தில் சரக்கு வாகனம், உள்ளே கட்டில் என்றிருந்தால் அந்நியச் சுங்கத்திடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எஞ்சினும் கண்டம் பார்த்துத்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே விற்கப்படுவது பிஎஸ்-6 என்ற புகைத் தரநிலை எஞ்சின். லண்டன் போன்ற நகரங்களின் புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களில் பழைய டீசல் வண்டிக்கு நாள்தோறும் கட்டணம் விழும். ஐரோப்பா போகிறவருக்குப் பிஎஸ்-6 நல்லது. ஆனால், அந்த எஞ்சினுக்கு கந்தகம் மிகக் குறைந்த டீசல் வேண்டும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் கிடைக்கும் டீசலை ஊற்றினால் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும்.

வண்டிக்கு ஆறு மாதம், நமக்கு மூன்று

பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வண்டிக்கு ஆறு மாதம் என்றேன். ஷெங்கன் விசாவில் போகும் நமக்கோ, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான். வண்டி இருக்கலாம், உரிமையாளர் இருக்க முடியாது!

இதற்கு வழி, ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடுகளை இடையில் செருகுவது. 90 நாள் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி. பிறகு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரிட்டன். அங்கே சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம். அல்லது துருக்கி, ஜார்ஜியா பக்கம் திரும்பலாம். எதுவானாலும் விசா தேதிகளை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, அதன் மேல் கார்னெட் தேதியைப் பொருத்தி, அதற்குப் பிறகே கப்பலுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு அனுமதி

வீட்டோடு போவதே நம் சாப்பாட்டுக்காகத்தான் என்பவர்களுக்கு: கப்பலில் ஏற்றும் முன் கேஸ் சிலிண்டரை இறக்கிவிட வேண்டும். நம் சிலிண்டரை வெளிநாட்டில் நிரப்பவும் முடியாது. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட் என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பு நடைமுறைக்கு ஏற்றது. பிளக் மட்டும் மாறும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது. அதாவது நெய், பால் பவுடர், பால்கோவா எல்லாம் வாசலோடு சரி. சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி. ஆனால், குடல் நீக்கிய மீனும் பதப்படுத்திய மீனும் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை போகலாம். கோவளம் கருவாட்டுக்கு ஐரோப்பாவில் இடமுண்டு. வண்டிக்குள் அந்த வாசத்தோடு மூன்று மாதம் தூங்குவது அவரவர் துணிச்சல். ஆஸ்திரேலியா இன்னும் கறார். டயர் பள்ளத்தில் ஒட்டிய செம்மண்ணைக்கூடக் கழுவிச் சுத்தம் செய்தால்தான் வண்டியை இறக்கவிடுவார்கள்.

யாருக்கு லாபம்?

கோவளத்துக்கும் ஐரோப்பாவுக்கும் பழைய உறவு உண்டு. இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆஸ்டெண்ட் நகரின் வணிகக் கம்பெனி, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கேதான் பண்டகசாலை வைத்தது. அந்த ஆஸ்டெண்டுக்குப் பக்கத்திலுள்ள செய்ப்ரூக், இன்று வாகனங்கள் இறங்கும் ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அங்கே போய் நம் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்குவது பெருமைதான். ஆனால், பெருமைக்கு இரண்டு முறை கப்பல் கட்டணம், துறைமுகச் செலவு, கிளியரிங் ஏஜென்ட் கூலி, முடங்கும் உத்தரவாதப் பணம் என்று விலை உண்டு. அதோடு, வலப்பக்க ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முன்னால் போகும் லாரியை முந்துவதற்குப் பக்கத்து இருக்கைக்காரரின் கண்தான் துணை.

மூன்று மாதத்துக்குள் திரும்புகிறவர் அங்கேயே ஒரு வண்டியை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பல நாடுகளைச் சுற்றுகிறவருக்குத்தான் சொந்த வண்டி கட்டுப்படியாகும். அவர்களும் முதலில் நேபாளம் போய்ப் பார்க்கட்டும். நாக்பூர், வாரணாசி, கோரக்பூர் வழியே சோனௌலி எல்லை. இந்திய வண்டிக்குக் கார்னெட் தேவையில்லை. எல்லையில் நாள் கணக்கில் கட்டணம் கட்டினால் போதும். ஒரு மாதம் அந்த வண்டிக்குள் தம்பதியாகச் சண்டையில்லாமல் இருக்க முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவை ஆட்களை மட்டுமே ஏற்றுகிறது. அதில் வண்டிகளையும் ஏற்ற வழி செய்தால், ஒரே மொழி பேசி, ஒரே இடப்பக்கம் ஓட்டும் யாழ்ப்பாணம்தான் தமிழர்களின் வீட்டு வண்டிக்கு முதல் வெளிநாடாக இருக்கும். கடல் தாண்டிப் பழகுவதற்கு அதைவிட நல்ல பாதை நமக்கு இல்லை.

அதுவரை, கிளம்ப நினைப்பவர்கள் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: நாடு, விசா, கார்னெட், கப்பல். இந்த நான்கும் தாளில் முடிவான பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.