புத்தகம் எழுத எந்த மென்பொருள்?



ஊர் நினைவுகளைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் வெஸ்ட் ஈலிங்கிலும் இருக்கிறார்கள். அவற்றைப் புத்தகமாக்க எந்த இலவச மென்பொருள் நல்லது? அதற்கு முன் எழுத்துருவைக் கவனியுங்கள்.

எம்மவர் பலர் பழகியது பாமினி. திரையில் தெரிவது தமிழ்தான். ஆனால் கணனிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துக்கள். பாமினி இல்லாத கணனியில் திறந்தால், "அம்மா" இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே வரும். பேரப்பிள்ளைகள் அதை வாசிப்பது எப்படி? யூனிகோட்டில் தமிழுக்கென்றே தனி இலக்கங்கள் உண்டு. அதனால் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும். பாமினியில் ஏற்கனவே தட்டச்சு செய்தவற்றை இணையத்திலுள்ள இலவச எழுத்துரு மாற்றிகளால் மாற்றலாம். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள்.

எழுதுவதற்கு லிப்ரே ஒப்பிஸ் போதும். அத்தியாயத் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்தால், பொருளடக்கத்தை அதுவே தயாரித்துத் தரும். முடிந்ததும் பீடிஎப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடுங்கள். எழுத்துருவும் அதனுள்ளே சேர்ந்து போகும். படங்கள் நிறைந்த நூலென்றால் ஸ்கிரைபஸ் உதவும். 2024இல் வந்த 1.6 அல்லது பிந்திய பதிப்பையே எடுங்கள்; பழைய 1.4 பதிப்புகளில் தமிழ்க் கொம்புகள் இடம் மாறும்.

1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஆகவே கோப்பை ஒரே கணனியில் வைத்திருக்காதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு பிரதி, 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.