பேட்டுக்கு முன்னாடி ஷட்டிலைப் பாருங்க

புதுசா ஷட்டில் ஆட வர்ற ஜூனியர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பேட் வாங்கலாம்?" என்பதுதான். பேட் ரெண்டாவது. முதலில் ஷட்டில்.

ஒரு கார்க், அதில் 16 இறகு. மொத்த எடை 4.74 கிராம் முதல் 5.50 கிராம் வரை, அவ்வளவுதான். இவ்வளவு லேசா, பின்னாடி விரிஞ்சு இருக்கிறதால காற்று அதைப் பிடிச்சு இழுக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல மார்க்குக்காகப் படிச்ச டிராக் இதுதான். 2023இல் நம்ம சாத்விக்சாய்ராஜ் அடிச்ச ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவானது. ஆனால் அது பேட்டை விட்டுக் கிளம்பும்போது இருந்த வேகம். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி காணாமல் போயிடும்.

காற்று சூடானா அடர்த்தி குறையும், இழுப்பும் குறையும். குளிரான ஹாலில் கோட்டுக்குள்ள விழுற அதே ஷட்டில், மே மாசம் தேனாம்பேட்டையில் தகரக் கூரை போட்ட கோர்ட்டில் அவுட் போகும். தப்பு உங்க கை மேல இல்லாம இருக்கலாம். இறகு ஷட்டில் டியூபில் 75 முதல் 79 வரை ஒரு எண் இருக்கும். எண் கூடினால் வேகம் கூடும். நம்ம வெயிலுக்கு 75 அல்லது 76 போதும். நைலானில் பச்சைப் பட்டை மெதுவு, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். பச்சையைக் கேட்டு வாங்குங்க. சந்தேகமா இருந்தா பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலா முழு பலத்தோடு அடிச்சுப் பாருங்க. எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னாடி விழுந்தா சரியான ஷட்டில். இறகு சீக்கிரம் பிய்ஞ்சுடும், அதனால பழகுற வரைக்கும் நைலானே பர்ஸுக்கு நல்லது.

பேட்டில் 4யூ, அதாவது 80 முதல் 85 கிராமுக்குள், நரம்பு 20-22 பவுண்டு இறுக்கம். இதுக்கு மேல யோசிக்க வேண்டாம். மிச்சக் காசை நான்-மார்க்கிங் ஷூவில் போடுங்க. ரன்னிங் ஷூ நேரா ஓடத்தான். அதோட பக்கவாட்டில் தாவினா கணுக்கால் போச்சு.

இனி சண்டை வர்ற ரூல்ஸ். சர்வ் நெட்டில் உரசி, சரியான கட்டத்தில் விழுந்தா பாயிண்ட் தொடரும். "லெட், மறுபடி போடு" என்பது டென்னிஸ்காரங்க கதை. கோட்டில் பட்டா இன். சர்வ் போடும்போது ஷட்டில் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்கணும். 2018க்கு முன்னாடி "இடுப்புக்குக் கீழே" என்றிருந்தது, யாருடைய இடுப்பு எங்கே என்று ஒரே தகராறு. நம்ம கோர்ட்டில் அளவுகோல் கிடையாது, ஆனா நெட் நடுவில் 1.524 மீட்டர். அதன் மேல்பட்டையிலிருந்து ஒன்றேகால் அடி கீழே என்று கண்ணால் பார்த்துக்கலாம்.

டபுள்ஸில்தான் தலை சுத்தும். சர்வ் போடுறவரின் அணி ஸ்கோர் இரட்டைப்படையா இருந்தா வலப்பக்கம், ஒற்றைப்படையா இருந்தா இடப்பக்கம். பாயிண்ட் ஜெயிச்சா அதே ஆள் பக்கம் மாறி மறுபடி போடுவார். ரிசீவ் பண்ற ஜோடி மாறவே கூடாது. கேம் 21. 20-20 ஆனா ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வேணும், 29-29 ஆனா 30 எடுக்கிறவர் ஜெயிப்பார்.

ரெண்டு ஸ்கூட்டிக்கு நடுவுல கயிறு கட்டித் தெருவில் ஆடுறது தனி உலகம். சாயங்காலம் கடற்காற்று வந்தா 5 கிராம் ஷட்டில் எங்கே போகும்னு யாருக்கும் தெரியாது. திறந்தவெளிக்கு நம்ம ஊர் பூப்பந்துதான் பொருத்தம்: கம்பளி நூல் பந்து, 27-30 கிராம், அணிக்கு 5 பேர். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த ஆட்டம் என்பார்கள். பந்து கிடைக்கலைன்னா, தெருவிலும் ஷட்டிலே ஆடலாம். ஆனா ஒவ்வொரு கேமிலும் 11 வந்ததும் பக்கம் மாறிக்கோங்க. உண்மையான ரூல்படி மூணாவது கேமில் மட்டும்தான் அப்படி மாறணும், ஆனா காற்றுக்கு அது தெரியாதே.