விடியும்வரை நிற்கும் வெளிச்சம்

1990களில் வன்னிக்குள் கொண்டுபோகக் கூடாதென்று அரசு தடுத்த பொருட்களில் பற்றறியும் ஒன்று. எரிபொருள், சீமெந்து, உரம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் உள்ளங்கைக்குள் அடங்கும் ரோச் பற்றறியும் சேர்ந்தபோது இரவுகள் எப்படி மாறின என்பதை அந்தக் காலத்தைக் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது குடிக்கும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். செத்த பற்றறியை வெயிலில் வைத்தார்கள், ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். அதற்குப் பின்னால் சரியான இரசாயனம் இருந்தது. துத்தநாகப் பற்றறி சாகும்போது உள்ளிருக்கும் மருந்து முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. ஈரம் வற்றி அயனிகள் நகர வழியில்லாமற் போவதும் ஒரு காரணம். உப்புத் தண்ணீர் அந்த வழியைக் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிடும். அப்படிப் பற்றறியின் கடைசித் துளியையும் கணக்குப் பார்த்த மண்ணில், இன்று மூன்று பற்றறிப் பெரிய ரோச்சுகள் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை எறியக்கூடாது, எல்.ஈ.டி.யும் சார்ஜ் பண்ணும் பற்றறியும் போட்டு மாற்றியமைக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கடையில் இருப்பதிலேயே ஆகப் பிரகாசமான எல்.ஈ.டி.யைத் தேடிப் பொருத்துவது பிழையான வழி.

இந்த வெளிச்சம் யாருக்குத் தேவை என்பதிலிருந்து யோசித்தால் ஏன் பிழை என்பது விளங்கும். காலபோக நெல் கதிர் தள்ளும் மார்கழி, தை மாதங்களில் ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணிப் பக்கங்களில் காட்டோரமாக வயல் வைத்திருப்பவர் இரவைக் காவல் கொட்டிலில் கழிக்கிறார். பன்றிக்கு ஒரு காவல், யானைக்கு ஒரு காவல். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் இலங்கை முழுவதும் ஆண்டுக்கு 400க்கு மேற்பட்ட யானைகள் செத்திருக்கின்றன, யானை-மனித மோதலில் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்திருக்கிறார்கள். சேறு பூசிய யானை இருட்டோடு இருட்டாக நிற்கும். வரம்பில் நடப்பவருக்கு அது அறுபது மீற்றருக்கு அப்பால் நிற்கும்போதே தெரியவேண்டும். காலடியில் காய்ந்த இலைக்குள் சுருண்டிருக்கும் கண்ணாடிப் புடையனும் தெரியவேண்டும். இரவு ஏழு மணிக்கும் விடியப்புறம் நாலு மணிக்கும் ஒரேயளவாகத் தெரியவேண்டும்.

பழைய ரோச்சின் உண்மையான சொத்து அதன் அகன்ற தலை. வெளிச்சம் எவ்வளவு தூரம் பாயும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒளி பிறக்கும் புள்ளி எவ்வளவு சின்னதாகவும் கூர்மையாகவும் இருக்கிறது, அதைத் திரட்டி அனுப்பும் கண்ணாடிக் கிண்ணம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது. கைக்கடக்கமான புது ரோச்சுகளில் இந்தக் கிண்ணம் ஒரு ரூபாய்க் குற்றியளவுதான். அதனால் அவை பக்கத்தில் கண்ணைக் கூசவைக்கும், வயலின் மறுகரையில் மங்கிப்போகும். பழைய ரோச்சுக்குச் சின்னப் பரப்புள்ள ஒற்றை எல்.ஈ.டி. போதும். நாலைந்து குமிழ்கள் ஒட்டிய தட்டைப் பொருத்தினால் வெளிச்சம் பரவிக் கலைந்துவிடும். எல்.ஈ.டி. பழைய குமிழின் இழை இருந்த அதே இடத்தில் உட்காரவும் வேண்டும். சோதிப்பது சுலபம்: சில மீற்றர் தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் உழுந்து வடையின் ஓட்டைபோல இருள் விழுந்தால் எல்.ஈ.டி. அரை மில்லிமீற்றர் மேலேயோ கீழேயோ இருக்கிறது. மெல்லிய தகடொன்றை அடியில் வைத்தும் எடுத்தும் பார்த்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். இன்னொன்று, எல்.ஈ.டி. தன் சூட்டைப் பின்பக்கமாகத்தான் இறக்கும். அதை ஒரு செம்பு அல்லது அலுமினியத் துண்டில் இருத்தி, அந்தத் துண்டு ரோச்சின் உலோக உடலைத் தொடும்படி செய்யவேண்டும். பிளாஸ்ரிக் உடலுக்குள் அடைத்தால் அது தன் சூட்டிலேயே கருகிவிடும். நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளை பார்வைக்குப் பிரகாசமாக இருக்கும், ஆனால் பூச்சிகளைக் கூடுதலாக இழுக்கும், மண்ணிறப் பாம்பையும் மண்ணிற இலையையும் ஒன்றாகக் காட்டும். சற்று மஞ்சள் கலந்த வெள்ளையே வயலுக்குப் பொருந்தும்.

இனி மின்னோட்டக் கணக்கு. இலக்கொன்றை இரண்டு மடங்கு தூரத்தில் அதேயளவு தெளிவாகக் காண நாலு மடங்கு வெளிச்சம் தேவை. 350 மில்லிஅம்பியரில் எரியும் எல்.ஈ.டி.யை எட்டு மடங்கு கூட்டி 2,800இல் எரித்தால், பார்வை எட்டும் தூரம் மூன்று மடங்குகூட ஆகாது. பற்றறியோ எட்டு மடங்கு வேகமாகக் கரையும். 5,000 மில்லிஅம்பியர்-மணி கொள்ளும் பற்றறி முதலாவது அளவில் 14 மணித்தியாலம் நிற்கும், இரண்டாவது அளவில் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துபோகும். இத்தனைக்கும் அந்த 350 மில்லிஅம்பியரே, சுமார் ஒரு வாற்று, பழைய இழைக் குமிழைவிடப் பல மடங்கு வெளிச்சம் தருகிறது.

பற்றறியில்தான் ஏமாறுவது அதிகம். 18650 என்ற அளவிலுள்ள லித்தியம் பற்றறிகளில் 9,900 மில்லிஅம்பியர்-மணி என்று அச்சடித்தவை கடைகளில் விற்கின்றன. அந்த அளவில் நல்லதொன்று பொதுவாகக் கொள்வது சுமார் 3,500 வரைதான். கையில் எடுத்தாலே தெரியும்: நல்லது சுமார் 45 கிராம் இருக்கும், போலி வெறும் கோதுபோல இலேசாக இருக்கும். பெரிய ரோச்சுக்கு இதைவிடப் பொருத்தமானது லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று. 32650 என்ற அளவில் வரும் இதன் விட்டம் 32 மில்லிமீற்றர். பழைய பெரிய பற்றறி சுமார் 33 என்பதால் அந்தக் குழாய்க்குள் இது அளவெடுத்ததுபோல இறங்கும். இது தரும் 3.2 வோல்ற் வெள்ளை எல்.ஈ.டி. கேட்கும் 3 வோல்ற்றுக்குக் கிட்ட இருப்பதால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சில்லுத் தட்டொன்றே போதும், சக்தியும் வீணாகாது. ஒன்றே போதுமாதலால் மற்ற இரண்டு பற்றறிகளின் இடத்தை, நடுவில் செப்புக் கம்பி ஓடும் பிவிசிக் குழாய்த் துண்டால் நிரப்பலாம்.

லித்தியம் தீப்பிடிக்காதா என்று கேட்பது நியாயம். போனிலும் மடிக்கணினியிலும் உள்ள வகை, நசுங்கினால் அல்லது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் உண்மையிலேயே ஆபத்தானது. இரும்புப் பொஸ்பேற்று அவ்வளவு இலகுவில் கொதிக்காது, ஆயிரக்கணக்கான தடவைகள் சார்ஜையும் தாங்கும். ஆனால் இதற்கு 3.65 வோல்ற்றில் நிற்கும் சார்ஜர் வேண்டும். எங்கும் கிடைக்கும் 4.2 வோல்ற் தட்டில் இதைப் போடவே கூடாது. கரண்ட் வந்த பிறகும் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, வயலுக்குக் கம்பி வரவில்லை என்பது ஒரு பதில். 2022 மார்ச் கடைசியில் நாடே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தது இன்னொரு பதில். சீல் வைத்த மலிவு ரோச்சொன்றை வாங்கினாற் போதாதா என்பதே வலுவான கேள்வி. ஒருவருக்கு ஒரு போகத்துக்கு மட்டும் தேவையென்றால் போதும். ஆனால் அதன் பற்றறி செத்தால் திறந்து மாற்ற வழியில்லாததால் முழு ரோச்சும் குப்பைக்குப் போகும். மாற்றியமைத்த ரோச்சில் எது பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வெளிச்சத்தால் யானை ஓடாது என்பதும் உண்மை. விரட்டக் கொளுத்தும் யானை வெடிக்கே பழகிவிட்ட விலங்கு அது. ரோச் யானையை விரட்டுவதற்கல்ல, அது எங்கே நிற்கிறதென்று பார்த்து விலகிப் போவதற்கு.

பழைய ஆட்கள் சொல்லும் ஒரு குறையை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. பழைய பற்றறி சாகுமுன் குமிழ் மஞ்சளாகி, மங்கி, கொட்டிலுக்குத் திரும்பச் சொல்லும். இரும்புப் பொஸ்பேற்று கடைசிவரை ஒரேயளவாக எரிந்துவிட்டுப் பட்டென்று அணையும். நடு வரம்பில் அப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மாற்றியமைக்கும்போது ஆளியில் மங்கலான இரண்டாவது அளவொன்றையும், வோல்ற் இறங்கும்போது கண் சிமிட்டி எச்சரிக்கும் தட்டையும் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் ஏறிய இன்னொரு பற்றறி, முனை இரண்டும் மூடிய பிளாஸ்ரிக் டப்பாவுக்குள், கொட்டிலில் எப்போதும் இருக்கட்டும்.